எந்தக் கருவிக்காகத் தரத்தைக் குறைக்கிறோம்?
காவிரி டெல்டாவில் வைஃபை பாதுகாப்பும் பழைய கருவிகளும்

சம்பா பயிர்க் காப்பீட்டுக்கான கடைசித் தேதி நெருங்கும் நவம்பரில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் இ-சேவை மையங்களில் கூட்டம் நெரியும். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் என்று ஒவ்வொரு விவசாயியின் ஆவணங்களும் ஸ்கேன் ஆகி ஒரே கணினியில் சேர்கின்றன. பிரிண்டர் அதே வைஃபையில் இருக்கிறது. கடையின் சிசிடிவி கேமராவும் அதில்தான். செல்போனில் சிக்னல் இல்லாதவர்கள் ஆவணத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப வசதியாக அதே வைஃபையின் பாஸ்வேர்டு சுவரில் ஒட்டப்பட்டிருக்கும்.

நெல் கொள்முதல் நிலையம், கூட்டுறவுக் கடன் சங்கம், உரக்கடை, ரைஸ் மில் அலுவலகம், பள்ளிக்கூடம் என்று டெல்டாவின் அன்றாட வேலைகள் எல்லாம் இப்போது கம்பியில்லா இணைப்பின் மேல் நடக்கின்றன. அந்த இணைப்பைக் காக்கும் தரங்கள் கடந்த கால் நூற்றாண்டில் பலமுறை மாறிவிட்டன. ஆனால் இங்கே கருவிகள் அவ்வளவு வேகமாக மாறுவதில்லை. பத்து வருடத்துப் பிரிண்டரும் நேற்று வாங்கிய செல்போனும் ஒரே ரவுட்டரில் இணைய வேண்டியிருக்கிறது. இணையாதபோது ரவுட்டரின் பாதுகாப்பைக் குறைத்துவிடுகிறோம். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது, அதனால் எதை இழக்கிறோம், காசு அதிகம் செலவழிக்காமல் இதை எப்படி மாற்றலாம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தரங்கள் வந்த வழி

வைஃபையின் அடிப்படையான 802.11 தரம் 1997-இல் வந்தது. அதோடு வந்த பாதுகாப்பு முறை டபிள்யூஇபி. அன்றைய அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளால் அதன் சாவி 40 பிட் அளவில்தான் தொடங்கியது. அதைவிடப் பெரிய குறை வேறு. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தோடும் சேர்த்து அனுப்பும் மாறும் எண்ணுக்கு 24 பிட் மட்டுமே ஒதுக்கியிருந்தார்கள். சுமார் 1.67 கோடி எண்கள் தீர்ந்ததும் பழைய எண்ணே திரும்ப வரும். நெரிசலான நெட்வொர்க்கில் இதற்குச் சில மணி நேரமே போதும். 2001-இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் இந்த முறை ஆர்சி4 மறையாக்கத்தைப் பயன்படுத்தும் விதமே சாவியைக் காட்டிக்கொடுக்கிறது என்று நிறுவினார்கள். 2007-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 104 பிட் சாவியையே ஒரு நிமிடத்துக்குள் எடுத்துக் காட்டினார்கள்.

இதன் விலையை உலகம் கண்ணால் பார்த்தது. அமெரிக்காவின் டிஜேஎக்ஸ் சில்லறை விற்பனை நிறுவனத்தின் கடை ஒன்றில் டபிள்யூஇபி-யில் ஓடிய வைஃபை வழியே 2005-இல் நுழைந்தவர்கள் 4.5 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். 2007-இல்தான் அது வெளியே தெரிந்தது.

2003-இல் வந்த டபிள்யூபிஏ ஒரு தற்காலிக ஏற்பாடு. ஏற்கெனவே விற்றுப்போன கருவிகளைத் தூக்கி எறியாமல், மென்பொருளை மட்டும் மாற்றி ஓட்டுவதற்காகவே அதன் டிகேஐபி முறை வடிவமைக்கப்பட்டது. பழைய கருவியைக் காப்பாற்றும் கவலை அப்போதே தரத்துக்குள் நுழைந்துவிட்டது. அடுத்த ஆண்டே ஏஇஎஸ் மறையாக்கத்தோடு டபிள்யூபிஏ2 வந்தது. 2006 மார்ச் முதல் வைஃபை முத்திரை பெறும் எல்லாக் கருவிகளுக்கும் அது கட்டாயமானது. இன்றும் உலகின் பெரும்பாலான வீடுகளும் கடைகளும் நம்பியிருப்பது அதைத்தான்.

டபிள்யூபிஏ2-விலும் ஓட்டை உண்டு என்று 2017 அக்டோபரில் தெரிந்தது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்தி வான்ஹோஃப் வெளியிட்ட ‘கிராக்’ தாக்குதல், சாவி பரிமாறும் கட்டத்தையே குழப்பியது. ஆண்ட்ராய்டு 6 செல்போன்கள் அதில் குறிப்பாக அடிவாங்கின. தாக்குபவர் அவற்றைப் பூஜ்யங்களால் ஆன சாவியை நிறுவிக்கொள்ளச் செய்ய முடிந்தது. திருத்தம் வந்தது, ஆனால் மலிவு விலைச் செல்போன்கள் பலவற்றுக்கு அது வந்து சேரவே இல்லை.

2018 ஜூனில் டபிள்யூபிஏ3 அறிமுகமானது. 2020 ஜூலை முதல் புதிதாகச் சான்று பெறும் வைஃபை கருவிகளுக்கு அது கட்டாயம். 2019-இல் ‘டிராகன்பிளட்’ என்ற பெயரில் அதிலும் குறைகள் கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டன. 2021-இல் வெளிவந்த ‘ஃப்ராக் அட்டாக்ஸ்’ குறைகளில் சில 1997-ஆம் ஆண்டு வடிவமைப்பிலேயே இருந்தவை. ஆக, எந்தத் தரமும் கடைசித் தரம் இல்லை. திருத்தம் வந்துகொண்டே இருக்கும் கருவியைத்தான் பாதுகாப்பான கருவி என்று சொல்ல முடியும்.

டெல்டாவில் புழங்கும் கருவிகள்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. டெல்டாவின் அரசுப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் பலரின் வீட்டுக்கு வந்த முதல் கணினி அதுதான். அந்த மடிக்கணினிகள் சில இன்னமும் ஜெராக்ஸ் கடைகளிலும் மில் அலுவலகங்களிலும் உழைக்கின்றன. அவற்றில் சிலவற்றில் இன்னும் ஓடும் விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டது. டபிள்யூபிஏ3 அதில் வரவே இல்லை. விண்டோஸில் அந்தத் தரம் 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்பில் நுழைந்தது, ஆண்ட்ராய்டில் பத்தாம் பதிப்பில், ஐபோனில் ஐஓஎஸ் 13-இல். அதற்கு முந்திய கருவி வைத்திருப்பவர்கள் டபிள்யூபிஏ2-வோடு நிற்க வேண்டியதுதான்.

அடுத்த வகை, மலிவு விலைச் சில்லுகளில் ஓடும் சின்னக் கருவிகள். கேமரா, ஸ்மார்ட் பிளக், ஈரப்பத உணரி, பொறியியல் மாணவர்கள் செய்யும் நீர்மட்டக் கருவி ஆகியவை இந்த வகை. 2014-இல் வந்த இஎஸ்பி8266 சில்லு இவற்றில் பலவற்றின் இதயம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே அதற்குத் தெரியும். புது ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டும்போது, செல்போன் 5-இல் நிற்க, கேமரா அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் திணறுகிறது. “கேமரா கனெக்ட் ஆகலை” என்று கடைக்காரர் கூப்பிடும் புகார்களில் கணிசமானவை இந்தக் காரணத்தால் வருபவை. கருவியில் பழுது எதுவும் இருக்காது.

வயலில் நிற்கும் மோட்டார் ஸ்டார்ட்டர் இன்னொரு கதை. ஆழ்குழாய் மோட்டாரை வீட்டிலிருந்தே ஓட்ட உதவும் மொபைல் ஸ்டார்ட்டருக்கு வேளாண் பொறியியல் துறை மானியமும் தந்திருக்கிறது. ராத்திரியில் மும்முனை மின்சாரம் வரும்போது பாம்புக்கும் பூச்சிக்கும் பயந்து வரப்பில் நடக்க வேண்டாம் என்பதே பெரிய நிம்மதி. பழைய ஸ்டார்ட்டர்கள் 2ஜி சிம்மில் ஓடுபவை. ஜியோவிடம் 2ஜி சேவையே கிடையாது என்பதால் அந்த சிம் அவற்றில் வேலை செய்யாது. 2ஜி-யைக் காக்கும் ஏ5/1 மறையாக்கத்தை உடைக்க முடியும் என்று ஜெர்மானிய ஆய்வாளர் கார்ஸ்டன் நோல் 2009 இறுதியிலேயே பகிரங்கமாகக் காட்டிவிட்டார். கருவி கெட்டுப்போகவில்லை, ஆனால் அது நம்பியிருக்கும் தரம் தேய்ந்துவிட்டது. வைஃபையிலும் இதே நிலைமைதான்.

கலப்பு முறை வைக்கும் பொறி

புது ரவுட்டர் மாட்டியதும் பழைய பிரிண்டர் இணையவில்லை என்றால் இணைப்புக் கொடுக்க வந்தவர் செய்யும் முதல் வேலை, ரவுட்டரின் பாதுகாப்பை ‘டபிள்யூபிஏ/டபிள்யூபிஏ2 மிக்ஸ்டு’ என்று மாற்றுவது. பிரிண்டர் இணைந்துவிடும், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் அந்த ஒரு மாற்றத்தின் விளைவு பிரிண்டரோடு நிற்பதில்லை.

ஒரு வைஃபை நெட்வொர்க்கில் இரண்டு வகைச் சாவிகள் உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டருக்கும் இடையே தனிச் சாவி ஒன்று. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் போகும் அறிவிப்புகளுக்குப் பொதுச் சாவி ஒன்று. கலப்பு முறையில் தனிச் சாவி கருவிக்குக் கருவி மாறலாம். பொதுச் சாவியோ எல்லாக் கருவிகளுக்கும் புரிந்தாக வேண்டும் என்பதால் டிகேஐபி-க்கு இறங்கிவிடும். நேற்று வாங்கிய செல்போனும் அந்தப் பொதுச் சாவியைத்தான் ஏற்க வேண்டும். ஒரு பழைய பிரிண்டருக்காகக் கடை முழுவதன் தரமும் ஒரு படி இறங்குகிறது.

வேகத்திலும் அடி விழுகிறது. 802.11என் தரமும் அதற்குப் பின் வந்தவையும் டிகேஐபி-யோடு தங்கள் முழு வேகத்தில் ஓட அனுமதியில்லை. டிகேஐபி-யில் இணையும் கருவி 54 எம்பிபிஎஸ் என்ற பழைய உச்சவரம்புக்குள் முடங்கிவிடும். 100 எம்பிபிஎஸ் ஃபைபருக்குப் பணம் கட்டிவிட்டு “நெட் ஸ்லோவா இருக்கு” என்று புலம்புகிறவர்கள் ரவுட்டரின் இந்த ஒரு வரியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

டபிள்யூபிஏ2-வையும் 3-ஐயும் சேர்த்து ஓட்டும் இடைக்கால முறை இதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அதற்கும் எல்லை உண்டு. இரண்டு தரத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு என்பதால், தாக்குபவர் டபிள்யூபிஏ2 மட்டுமே தெரிந்த போலி ரவுட்டர் ஒன்றை அதே பெயரில் வைத்து, பாஸ்வேர்டை ஊகிக்கத் தேவையான தகவலைக் கறக்க முடியும் என்பது ‘டிராகன்பிளட்’ ஆய்விலேயே சொல்லப்பட்டது. சில பழைய செல்போன்களும் பிரிண்டர்களும் இரண்டு தரங்களின் அறிவிப்பைச் சேர்த்துப் பார்த்ததுமே குழம்பி, இணையவே மறுக்கின்றன.

செல் நம்பரே பாஸ்வேர்டு

டெல்டாவின் கடைத்தெருவில் மிகப் பரவலான வைஃபை பாஸ்வேர்டு, கடைக்காரரின் செல் நம்பர். சொல்வதற்கு எளிது, மறக்காது. இது எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

டபிள்யூபிஏ2-வில் பாஸ்வேர்டை நேரடியாக அனுப்புவதில்லை. பாஸ்வேர்டையும் நெட்வொர்க்கின் பெயரையும் சேர்த்து 4,096 முறை கலக்கிச் சாவி செய்கிறார்கள். கருவி இணையும் அந்த நொடியில் நடக்கும் பரிமாற்றத்தைப் பக்கத்தில் நிற்பவர் பதிவுசெய்துகொள்ளலாம். பிறகு வீட்டுக்குப் போய், தன் கணினியில் ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கலாம். ரவுட்டருக்கு எதுவும் தெரியாது. இந்தியச் செல் எண்கள் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. ஆக மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். பெரிய எண்ணாகத் தோன்றலாம். இன்றைய உயர்ரக வரைகலை அட்டை ஒன்று நொடிக்கு இருபது லட்சத்துக்கும் மேல் போட்டுப் பார்க்கும். முக்கால் மணி நேரத்துக்குள் அத்தனையும் தீர்ந்துவிடும். பிறந்த தேதி என்றால் நூறு வருடத்துக்கும் சேர்த்து 36,500 வாய்ப்புகள்தான். ஒரு நொடிகூட ஆகாது. கடை நம்பர் என்றால் இந்தச் சிரமமே தேவையில்லை, பெயர்ப் பலகையிலேயே இருக்கிறது.

டபிள்யூபிஏ3-இன் மிகப் பெரிய வரம் இங்கேதான். அதன் எஸ்ஏஇ முறையில், பதிவுசெய்துகொண்டு போய் வீட்டில் சோதிக்க வழியில்லை. ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரோடு நேரடியாகப் பேசியாக வேண்டும். நொடிக்கு லட்சக்கணக்கில் நடந்த சோதனை ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும். சாதாரண மனிதர்கள் சாதாரண பாஸ்வேர்டுதான் வைப்பார்கள் என்பதை ஏற்றுக்கொண்டு செய்த வடிவமைப்பு இது.

ரவுட்டரின் பின்புறம் உள்ள டபிள்யூபிஎஸ் பொத்தானையும் சொல்ல வேண்டும். எட்டு இலக்கப் பின் எண்ணை இரண்டு பாதிகளாகப் பிரித்துச் சரிபார்க்கும் தவறால், பதினோராயிரம் முயற்சிகளுக்குள் அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபாக் காட்டினார். பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் பழைய ரவுட்டரில் இந்த வசதி திறந்திருந்தால் பயனில்லை.

பொறுப்பு யாருடையது?

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது கிளம்பிய இணைய முகவரியைத் தேடிப்போன போலீஸார் நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலில் நின்றார்கள். பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து கிடந்த அவருடைய வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அவருக்கும் குற்றத்துக்கும் தொடர்பில்லை. ஆனாலும் விசாரணையின் சுமை அவர் மேல் விழுந்தது. இதன் பிறகுதான், 2009 பிப்ரவரியில், வைஃபையைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது பற்றித் தொலைத்தொடர்புத் துறை இணையச் சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத் தேடித்தான் முதலில் ஆள் வரும் என்பதை இ-சேவை மையம் நடத்துபவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பொது வைஃபையில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. ரயில் நிலையத்தில் ரெயில்வயர் இணைப்புக்குச் செல் நம்பரும் ஓடிபி-யும் கேட்கிறார்கள். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி திட்டத்தில் டீக்கடைக்காரரும் வைஃபை விற்கலாம். அங்கும் பயனாளரைச் சரிபார்ப்பது உண்டு. ஓடிபி கேட்டதும் இணைப்பு பத்திரமானது என்று மக்கள் நம்பிவிடுகிறார்கள். ஓடிபி நாம் யார் என்பதை அவர்களுக்குச் சொல்கிறது. அவர்கள் யார் என்பதை நமக்குச் சொல்வதில்லை, காற்றில் போகும் தரவை மறைப்பதும் இல்லை. பாஸ்வேர்டு இல்லாத நெட்வொர்க்கிலும் மறையாக்கம் தரும் ‘என்ஹான்ஸ்டு ஓப்பன்’ தரம் 2018-லேயே வந்துவிட்டது. கிராமங்களுக்கு வைஃபை கொண்டுபோகும் எந்தத் திட்டமும் அதை ஒரு நிபந்தனையாக வைப்பதே முறை.

எச்டிடிபிஎஸ் போதாதா?

வங்கித் தளம் எச்டிடிபிஎஸ் முறையிலும் வாட்ஸ்அப் தன் சொந்த முறையிலும் தாமே மறையாக்கம் செய்கின்றன; அப்படியிருக்க வைஃபை பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வெளியே இணையத்துக்குப் போகும் தரவைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. பத்து வருடத்துக்கு முந்திய ஆபத்துகள் பல இன்று குறைந்துவிட்டன.

ஆனால் இ-சேவை மையத்தின் ஆபத்து உள்ளேதான் இருக்கிறது. ஆதார் நகல்கள் கிடக்கும் பகிர்வுக் கோப்புறை, கடைசியாக அச்சிட்ட பட்டாவை நினைவில் வைத்திருக்கும் பிரிண்டர், வாங்கிய நாளில் இருந்த பாஸ்வேர்டோடு ஓடும் கேமராப் பெட்டி, ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் ஆகிய எதற்கும் எச்டிடிபிஎஸ் காவல் கிடையாது. வைஃபைக்குள் வந்தவர் எல்லாவற்றையும் தொடலாம். 2016-இல் உலகின் இணையத்தையே தள்ளாட வைத்த ‘மிராய்’ தீநிரல் பரவியது, கருவிகளோடு வந்த அறுபது சொச்சம் இயல்புநிலைப் பாஸ்வேர்டுகளை வைத்துத்தான். அதில் சிக்கியவற்றில் பெரும்பகுதி கேமராக்களும் ரவுட்டர்களும்.

செய்யக்கூடியவை

பழைய கருவிகளை எல்லாம் தூக்கிப் போடுங்கள் என்று சொல்வது எளிது. குறுவை போய்ச் சம்பாவும் பாதித்த வருடத்தில் அந்த அறிவுரைக்கு எந்த மதிப்பும் கிடையாது. அதே நேரம், பழைய கருவிக்காக எல்லோருடைய பாதுகாப்பையும் இறக்குவதும் சரியில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள வழி, பிரித்து வைப்பது. பாசன வாய்க்காலையும் வடிகாலையும் பிரித்து வைத்தால்தான் வயல் பிழைக்கும் என்பது டெல்டாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வைஃபையிலும் அதையே செய்யலாம்.

இன்றைய சாதாரண ரவுட்டர்கள் பலவற்றிலும் இரண்டு அல்லது மூன்று நெட்வொர்க் பெயர்கள் வைக்கும் வசதி இருக்கிறது. ஆவணக் கணினியும் கடைக்காரரின் செல்போனும் முதல் பெயரில்; அதில் டபிள்யூபிஏ3, முடியாவிட்டால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் மட்டும். கேமராவும் சின்னக் கருவிகளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டாம் பெயரில். வாடிக்கையாளர்களுக்கு மூன்றாவதாக விருந்தினர் நெட்வொர்க்; அதில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தனிமைப்படுத்தும் வசதியை இயக்கிவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு. டிகேஐபி மட்டுமே தெரிந்த பிரிண்டரை வைஃபையிலிருந்து எடுத்துவிட்டு யுஎஸ்பி கம்பியில் கணினியோடு மாட்டினால் போதும்; அது இன்னும் சில வருடம் உழைக்கும்.

பாஸ்வேர்டுக்கு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து எழுதினால் நினைவிலும் நிற்கும், கணினிச் சோதனையிலும் தாங்கும். 63 எழுத்து வரை இடம் இருக்கிறது. டபிள்யூபிஎஸ்-ஐ அணைத்துவிட வேண்டும். ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். இணைப்புக் கொடுத்தவர் மாற்ற விடாமல் வைத்திருந்தால் அவரிடமே கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

தனிமனிதர் கையில் இல்லாதவையும் உண்டு. தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022 ஜூனில் மத்திய அரசு 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பள்ளி, ஊராட்சி, கொள்முதல் நிலையம் என்று அரசு மொத்தமாகக் கருவி வாங்கும் இடங்கள் ஏராளம். அந்த ஒப்பந்தப்புள்ளிகளில் இரண்டு வரிகள் இருக்க வேண்டும்: டபிள்யூபிஏ3 கட்டாயம், பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டு வரை வரும் என்பதை விற்பவர் எழுதித் தர வேண்டும். இது அதிகப்படியான கோரிக்கை இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கும் இயல்புநிலைப் பாஸ்வேர்டோடு கருவி விற்பது சட்டவிரோதம். திருத்தம் எவ்வளவு காலம் வரும் என்பதையும் விற்கும்போதே அறிவித்தாக வேண்டும். அதே உரிமை கும்பகோணத்தில் ரவுட்டர் வாங்குபவருக்கும் வேண்டும்.

இது அவசரமாகவும் ஆகிவருகிறது. 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் கீழ்ப்பகுதியை வைஃபைக்கு உரிமமின்றித் திறந்துவிடும் வரைவு விதிகளை மத்திய அரசு 2025 மே மாதம் வெளியிட்டது. அந்தப் பட்டையில் சான்று பெறும் கருவிகளுக்கு டபிள்யூபிஏ3 கட்டாயம். பழைய தரத்துக்கு அங்கே இடமே கிடையாது. அடுத்த சில வருடங்களில் வாங்கப்படும் ரவுட்டர்கள்தான் டெல்டாவில் இன்னும் பத்து வருடம் ஓடப்போகின்றன. தவறானதை வாங்கினால் பத்து வருடத்துக்கும் சேர்த்துத்தான் தவறு செய்கிறோம்.

தன் நிலத்தின் விவரத்தையும் கைரேகையையும் வங்கிக் கணக்கையும் ஒரு விவசாயி வேறு வழியில்லாமல்தான் அடுத்தவர் கணினியில் ஒப்படைக்கிறார். அதைக் காப்பது வாங்கிக்கொண்டவர்களின் கடமை. இ-சேவை மையம் நடத்துபவர் இன்று மாலை கடை சாத்துவதற்குள் ரவுட்டரில் மூன்று பெயர்களைப் பிரித்துவிட முடியும். அரசு தன் அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் அந்த இரண்டு வரிகளைச் சேர்த்துவிட முடியும். இரண்டுக்கும் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. தரம் எப்போதோ வந்துவிட்டது, அதைக் கேட்டு வாங்கும் பழக்கம்தான் நம்மிடம் வர வேண்டும்.